எம்.எஸ். உள்ளவருக்கு முகக்குறிப்பும் கிண்டலும் பிடிபடாதபோது: வீட்டாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மனைவி அடுப்படியில் அழுதுகொண்டு நிற்கிறாள். கணவன் உள்ளே வந்து "டீ போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். அம்மா கோபத்தில் பாத்திரத்தை டொக்கென்று வைக்கிறாள். மகள் அதைக் கவனிக்காமல் தன் கதையைத் தொடர்கிறாள். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) உள்ளவர் இருக்கும் வீட்டில் இப்படி நடந்தால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வரும்: "நோய் வந்ததுலேர்ந்து கல்நெஞ்சு ஆயிடுச்சு."

எம்.எஸ். என்பது கால் கையோடு நிற்கும் நோய் இல்லை. மூளையின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மைலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிறது. எந்த இடத்தில் அரிக்கிறதோ அந்த இடத்தின் வேலை கெடுகிறது. பிறர் முகத்தையும் குரலையும் மனதையும் படிக்கிற வேலையும் அப்படிக் கெடலாம். மருத்துவத்தில் இதைச் சமூக அறிதல் சிக்கல் என்கிறார்கள்.

என் தம்பிக்கு எம்.எஸ். உண்டு. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இதே நோயுள்ள வேறு வீடுகளிலும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அன்புக்குக் குறைவில்லாத குடும்பங்களே வரிசையை மாற்றிச் செய்து தடுமாறுகின்றன. அதனால் கீழே உள்ளவற்றை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு. ஒரு தெர்மாமீட்டர். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றும் ஒரே ஃபைலில்.

இதற்குப் பொறுப்பெடுக்க வீட்டில் ஒரே ஒருவர் வேண்டும். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கவனிக்க ஆரம்பித்தால் வீடே அவரைக் காவல் காப்பதுபோல ஆகிவிடும். பொறுப்பெடுப்பவர் அவரோடு சண்டையில் இல்லாதவராக இருக்கட்டும். மனைவிதான் அதிகம் காயப்பட்டிருக்கிறார் என்றால், முதல் மாதம் அக்காவோ அண்ணனோ எடுத்துக்கொள்வது நல்லது.

ஒன்றை முன்கூட்டியே மனதில் வையுங்கள். இந்தச் சிக்கலைப் போக்க என்று தனி மாத்திரை கிடையாது. வீட்டுப் பேச்சை மாற்றுவதும் பயிற்சியும்தான் வழி. ஆனால் இதைப்போலவே தோன்றும் வேறு பல கோளாறுகளுக்கு மருந்து உண்டு. அவற்றை முதலில் கழித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

1. எது குறைகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள்

"புரிஞ்சுக்கவே மாட்டேங்குறாரு" என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று விஷயம் இருக்கிறது.

முகத்தையும் குரலையும் படிப்பது முதலாவது. எம்.எஸ். உள்ளவர்களில் சிலருக்குச் சிரிப்பு நன்றாகவே பிடிபடும், பயமும் கோபமும் தவறிப்போகும். அதனால்தான் வீட்டார் குழம்புகிறார்கள். "குழந்தை சிரிச்சா மட்டும் தெரியுது, நான் அழுதா தெரியாதா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அப்படியும் இருக்கலாம்.

இரண்டாவது, எதிராளியின் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது. அவருக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, சொன்னதை நிஜமாகச் சொன்னாரா வேடிக்கைக்கா, மறைக்கிறாரா என்பதெல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவது, உணர்ந்ததை வெளியில் காட்டுவது. உள்ளே துடித்துப்போனாலும் முகத்தில் வராமல் இருக்கலாம். தன் உணர்வு எது என்று தனக்கே சொல்லத் தெரியாத நிலையும் எம்.எஸ்.ஸில் வருகிறது.

மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. முகம் படிக்க முடியாதவருக்கு நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். காட்டத் தெரியாதவரிடம் நீங்கள் கேட்க வேண்டும். பிரிக்காமல் தொடங்கினால் ஒருவருக்கான மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்த கதையாகும்.

வழக்கமான தவறு: "நல்லாதானே நடக்குறாரு, மூளைக்கு என்ன வந்துது?" என்று கேட்பது. நடை நன்றாக இருப்பவருக்கும், நோயின் ஆரம்பத்திலேயேகூட, இது வரலாம். நினைவாற்றல், சிந்தனை வேகம் போன்ற அறிதிறன் பாதிப்பு எம்.எஸ். உள்ளவர்களில் 40 முதல் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. கால் பலத்தை வைத்து அதை அளக்க முடியாது.

2. உடம்பை முதலில் சோதியுங்கள்

மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் கண்ணைப் பாருங்கள். பார்வை நரம்பு அழற்சி எம்.எஸ்.ஸில் சாதாரணம். மங்கலான பார்வையோ இரட்டைப் பார்வையோ இருந்தால் எதிரில் இருப்பவரின் புருவச் சுளிப்பு எப்படித் தெரியும்? வடசென்னையின் ஒட்டிக் கட்டிய வீடுகளில் நடு அறைக்குப் பகலிலேயே வெளிச்சம் வராது. அந்த இருட்டில் நின்று முகத்தைச் சுளித்துவிட்டு, "பார்த்தும் பார்க்காத மாதிரி போறாரு" என்று குறை சொல்ல முடியாது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணிலும் செய்யுங்கள். வித்தியாசம் இருந்தால் கண் பரிசோதனைக்குப் போன பிறகு மற்றதைப் பார்க்கலாம். காதும் அப்படியே.

அடுத்தது காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும். எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பைத் தொல்லை அதிகம், தொற்றும் எளிதில் வரும். தொற்று வந்தால் பழைய குறைகள் எல்லாம் தலைதூக்கும், கவனமும் பொறுமையும் உட்பட. திடீரென்று நடத்தை மாறினால் முதலில் தெர்மாமீட்டரை எடுங்கள்.

மூன்றாவது ஸ்டீராய்டு. நோய் தாக்கியபோது மெத்தில் பிரட்னிசலோன் 3 முதல் 5 நாள் நரம்பு வழியே ஏற்றியிருப்பார்கள். அந்த நாட்களிலும் அதற்கடுத்த சில நாட்களிலும் தூக்கமின்மை, எரிச்சல், அளவுக்கு மீறிய உற்சாகம் எல்லாம் வரலாம். அப்போது நடந்ததை வைத்து ஆளை எடை போடாதீர்கள்.

நான்காவது சூடு. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே எம்.எஸ். உள்ள சிலருக்குப் பார்வையும் சிந்தனையும் மந்தமாகும். உடம்பு குளிர்ந்ததும் திரும்பிவிடும். 1890-இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மானிய கண் மருத்துவர் இதைப் பதிவு செய்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் நடக்கும் சண்டைகளைத் தனியாகக் குறித்துவைத்துப் பாருங்கள். பல வீடுகளில் பாதிச் சண்டை அங்கேதான் இருக்கும்.

இதையெல்லாம் ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், இவை சரிசெய்யக் கூடியவை. கண்ணாடி நம்பர் மாறியதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் முகம் படிக்கும் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

3. மனச்சோர்வையும் கட்டுக்கு அடங்காத அழுகை சிரிப்பையும் பிரியுங்கள்

மனச்சோர்வு எம்.எஸ்.ஸில் மிகச் சாதாரணம். வாழ்நாளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒருமுறையாவது வருகிறது. மனச்சோர்வில் இருப்பவரும் பேசமாட்டார், முகம் பார்க்கமாட்டார், பிறர் துன்பத்துக்கு அசையாதவர்போல இருப்பார். வேறுபாடு இதுதான்: முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றன, இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அப்படியே இருக்கிறார் என்றால் முதலில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் நோட்டும் பயிற்சியும் அப்புறம். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். இரவானால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அழைப்பு இலவசம், தமிழில் பேசலாம்.

சாவு வீட்டில் சிரித்துவிட்டார், கல்யாண வீட்டில் காரணமில்லாமல் அழுதார் என்றால் அது வேறு ஒரு கோளாறு. உள்ளே இருக்கும் உணர்வுக்கும் வெளியே வரும் சிரிப்புக்கும் தொடர்பு அறுந்துபோவது அது. எம்.எஸ். உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. "அந்த நேரத்துல உனக்குச் சிரிப்பு வர்ற மாதிரியா இருந்துச்சு?" என்று பிறகு தனியாகக் கேளுங்கள். "இல்ல, என்னால நிறுத்த முடியல" என்றால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். முகத்தசை பலவீனமும் இழுத்து இழுத்துப் பேசும் குரலும் எம்.எஸ்.ஸால் வரும். அப்போது அவர் உங்களைச் சரியாகவே படிக்கிறார், நீங்கள்தான் அவர் முகத்தைத் தவறாகப் படிக்கிறீர்கள். இது இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் போக வேண்டும்.

4. நான்கு வாரம் நோட்டில் எழுதுங்கள்

தேதி, நேரம், இடம், அறையில் எத்தனை பேர், டிவி ஓடியதா, வெயில் எப்படி, அதற்குமுன் என்ன வேலை செய்தார், யார் என்ன சொன்னார்கள், அவர் என்ன செய்தார். இவ்வளவு போதும்.

நடந்ததை எழுதுங்கள், உங்கள் தீர்ப்பை எழுதாதீர்கள். "திமிராகப் பேசினார்" என்று எழுதினால் டாக்டருக்கும் பயனில்லை, உங்களுக்கும் பயனில்லை. இப்படி எழுதினால் பயன் உண்டு:

"செவ்வாய், மாலை 6. ஹாலில் 5 பேர், டிவி சத்தம். பிசியோதெரபி முடிந்து வந்த நேரம். அத்தை, 'ஆமாம்மா, நீதான் வீட்டு வேலையெல்லாம் பார்க்குற' என்றார். இவள், 'ஆமா, காலைல துணி நான்தான் மடிச்சேன்' என்று நிஜமாகவே பதில் சொன்னாள். அத்தை முகம் மாறியதைக் கவனிக்கவில்லை."

ஒரே நிகழ்ச்சியில் எவ்வளவு தெரிகிறது பாருங்கள். குத்தலை நேர்ப்பொருளில் எடுத்திருக்கிறாள், முகமாற்றம் தவறியிருக்கிறது, கூட்டமும் சத்தமும் களைப்பும் சேர்ந்திருக்கின்றன.

சரியாக நடந்ததையும் எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காலை 7 மணிக்குத் தனியாக இருக்கும்போது அம்மாவின் கவலையைச் சட்டென்று கண்டுபிடித்துக் கேட்டார் என்றால் அது பெரிய தகவல். திறன் போகவில்லை, களைத்தால் தடுமாறுகிறது என்று அதிலிருந்து தெரியும்.

வழக்கமான தவறு: பழைய பகையை நோட்டில் தீர்த்துக்கொள்வது. நோய்க்கு முன்பே கலகலப்பில்லாதவராக இருந்திருந்தால் அதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மாறியது எது, எப்போதும் இருந்தது எது என்பதுதான் டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி.

5. டாக்டரிடம் போகும் முன் அவரிடமே பேசுங்கள்

நோட்டை ஒளித்து வைத்து, ஓ.பி. அறையில் திடீரென்று எடுத்து நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த நபர் வீட்டாரோடு மருத்துவமனைக்கு வரவே மறுத்துவிட்டார். முதல் வாரமே, "உனக்கு எப்பெப்போ கஷ்டமா இருக்குன்னு எழுதி வைக்கிறேன், டாக்டர்கிட்ட காட்டலாம்" என்று சொல்லிவிடுங்கள். அவர் படிக்கக் கேட்டால் கொடுங்கள்.

காலையில், சாப்பிட்ட பிறகு, இருவர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். "உனக்கு மூளை சரியில்ல" என்று தொடங்காதீர்கள். "கூட்டத்துல யார் என்ன நினைக்குறாங்கன்னு பிடிக்கக் கஷ்டமா இருக்கா? இந்த நோய்ல சில பேருக்கு அப்படி வருமாம். டாக்டர்கிட்ட கேட்போமா?" என்றால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். தங்களைச் சுற்றி ஏதோ மாறியிருப்பது அவர்களுக்கும் தெரியும். "எல்லாரும் என்மேல கோவமாவே இருக்காங்க, ஏன்னு தெரியல" என்று தம்பி சொன்னபோதுதான் அவன் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

ஒப்புக்கொள்ளாவிட்டால் வாதாட வேண்டாம். தன் குறை தனக்கே தெரியாமலிருப்பதும் நோயின் பகுதியாக இருக்கலாம். 7-ஆம் படியில் உள்ளவற்றை அவர் சம்மதம் இல்லாமலேயே நீங்கள் தொடங்கலாம், ஏனென்றால் அங்கே மாறப்போவது உங்கள் பேச்சுதான்.

6. மருத்துவமனைக்கு ஒரே ஒரு பக்கம் கொண்டுபோங்கள்

ஸ்டான்லியிலும் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு உண்டு. எங்கே போனாலும் ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடம். முழு நோட்டையும் அவர் படிக்க முடியாது. நான்கு வாரத்திலிருந்து மூன்று நிகழ்ச்சிகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மேலே, எப்போதிலிருந்து மாற்றம் என்று ஒரு வரி. கீழே, கண், காய்ச்சல், ஸ்டீராய்டு, சூடு பற்றி 2-ஆம் படியில் பார்த்தது.

பிறகு நேராகக் கேளுங்கள்: "நியூரோசைக்காலஜி பரிசோதனை தேவையா?" நினைவு, சிந்தனை போன்ற மூளையின் திறன்களை அளக்கும் சோதனை அது. கேட்காவிட்டால் நடையும் கண்ணும் கையும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அது அலட்சியத்தால் இல்லை. வழக்கமான எம்.எஸ். பரிசோதனை அவற்றைத்தான் அளக்கிறது.

எந்தச் சோதனை எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். குறியீடுகளுக்கு எண் சொல்லும் 90 நொடிச் சோதனை சிந்தனை வேகத்தைப் பார்க்கும். அதோடு நினைவுச் சோதனை இரண்டைச் சேர்த்து பைகேம்ஸ் என்ற சுமார் 15 நிமிடத் தொகுப்பு இருக்கிறது. இவற்றில் நன்றாகச் செய்தவருக்கும் முகம் படிப்பதில் குறை இருக்கலாம், ஏனென்றால் இந்தத் தொகுப்பு அதை அளப்பதே இல்லை. "டெஸ்ட் நார்மல்" என்ற சொல்லைக் கேட்டதும் "அப்போ வேணும்னேதான் பண்றான்" என்று முடிவுகட்டும் வீடுகள் உண்டு. அந்த முடிவு தவறு.

சமூக அறிதலுக்கென்று வேறு சோதனைகள் இருக்கின்றன. கண்கள் மட்டும் தெரியும் 36 படங்களைக் காட்டி, நான்கு சொற்களில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஒன்று. சிறுகதை சொல்லி, அதில் யார் எந்த இடத்தில் தவறாகப் பேசினார் என்று கேட்பது இன்னொன்று. படங்களில் இருப்பவை மேல்நாட்டு முகங்கள், சொற்களும் அங்கே உருவானவை. ஆகவே மதிப்பெண்ணை அனுபவமுள்ள உளவியலாளர்தான் நம் ஆட்களுக்குப் பொருத்திப் படிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களை வைத்து வீட்டிலேயே சோதிக்காதீர்கள். தோற்றுப்போன அவமானம்தான் மிஞ்சும்.

7. வீட்டின் பேச்சை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உணர்வைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், காரணம் சொல்லுங்கள், வேண்டியதைக் கேளுங்கள். "எனக்கு இப்ப வருத்தமா இருக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சு. கொஞ்ச நேரம் என் பக்கத்துல உட்காரு." காரணத்தைச் சொல்லாவிட்டால் "என்மேலதான் கோவம்" என்று நினைத்துவிடுவார். வேண்டியதைச் சொல்லாவிட்டால், வருத்தம் தெரிந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போய்விடுவார். மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

முதலில் கூசும். "கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இதைக்கூட வாய்விட்டுச் சொல்லணுமா?" என்று மனைவிமார் கேட்பார்கள். கேட்காமலே கிடைத்த ஒன்றை இனிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த இழப்பு உண்மையானது. அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேட்டபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அந்த அன்பும் உண்மையானதுதான்.

ஜாடைப் பேச்சை நிறுத்துங்கள். மருமகளுக்குச் சொல்ல வேண்டியதைப் பேத்தியைப் பார்த்துச் சொல்வது, "சில பேருக்கு எல்லாம் சொகுசாப் போச்சு" என்று சுவரைப் பார்த்துப் பேசுவது, கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பது எல்லாம் நம் வீடுகளில் ஒரு மொழியாகவே இருக்கிறது. யாரைச் சொல்கிறார், ஏன் சொல்கிறார், மறைவாக ஏன் சொல்கிறார் என்று ஒரே நொடியில் மூன்று ஊகம் செய்ய வேண்டிய மொழி அது. எம்.எஸ். உள்ளவருக்குத் தடுமாறுவது அந்த ஊகம்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

கலாய்ப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வடசென்னையில் பாசமே பாதி திட்டாகத்தான் வரும். "இன்னாடா, செத்துட்டியா உயிரோட இருக்கியா, போன்கூட பண்ணமாட்டியா?" என்று கேட்கிறவன்தான் உயிர் நண்பன். எல்லோரும் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் அவர் சொந்தத் தெருவிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். அதனால் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிய பிறகு தோளில் தட்டி "சும்மா ஓட்டுனேன்டா" என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தம்பியோடு கேரம் ஆடும் பையன்களிடம் இதைச் சொல்லிவைத்தேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. செய்தார்கள்.

சில சின்ன மாற்றங்கள்: பேசும்போது டிவியை நிறுத்துங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுங்கள். கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருங்கள். சிந்தனை வேகம் குறைந்தவருக்கு முதல் வாக்கியம் உள்ளே போய்ச் சேர்வதற்குள் நீங்கள் மூன்றாவதைத் தொடங்கியிருந்தால் மூன்றுமே வீண்.

8. கல்யாணம், சாவு, திருவிழாவுக்கு முன்தயாரிப்பு

கூட்டம், ஒலிபெருக்கி, வெக்கை, பல முகங்கள் எல்லாம் சேரும் இடங்கள் இவை. "அங்க போய் எப்படி இருக்கான்னு பார்ப்போம்" என்று கூட்டிப்போகாதீர்கள்.

முந்தின நாளே சொல்லுங்கள்: யார் வீடு, யார் யார் வருவார்கள், யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம், யாரிடம் எதைப் பேச வேண்டாம். சாவு வீடு என்றால் இறந்தவரின் மகனிடம் போய்க் கையைப் பிடித்துச் சொல்ல ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். இது நடிப்பு ஆகாதா என்று ஒருவர் கேட்டார். சாவு வீட்டில் என்ன சொல்வதென்று யாருக்குத்தான் தெரியும்? எல்லோருமே பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறோம்.

உட்கார ஃபேன் பக்கம் இடம், குடிக்கக் குளிர்ந்த தண்ணீர், கழுத்தில் போட ஈரத்துண்டு, முக்கால் மணி நேரத்தில் கிளம்ப ஒரு காரணம். மதியத்தைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ போங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர்ப் பக்கம் போக வேண்டுமானால், பஸ் நெரிசலுக்குப் பதில் மெட்ரோவில் ஏறினால் போய்ச் சேரும்போதே களைத்திருக்க மாட்டார்.

9. பயிற்சி: தினமும் பத்து நிமிடம்

டிவி சீரியலில் தொடங்குங்கள். அங்கே முகம் பெரிதாகத் தெரியும், உணர்ச்சியும் மிகையாக இருக்கும், ஆரம்பிக்க அது வசதி. சத்தத்தை நிறுத்தி, "இவங்க முகத்துல என்ன தெரியுது?" என்று கேளுங்கள். பிறகு சத்தத்தை வைத்துச் சரிபாருங்கள். அடுத்து, "ஏன் அப்படி நினைச்சே? கண்ணா, வாயா, குரலா?" என்று கேளுங்கள். எந்தக் குறிப்பை விடுகிறார் என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் தெரியும்.

அது எளிதானதும் வாய்ஸ் மெசேஜுக்குப் போங்கள். முகம் இல்லாமல் குரலை மட்டும் கேட்டு, சொன்னவர் என்ன மனநிலையில் இருந்தார் என்று சொல்வது அடுத்த நிலை. கடைசியில், அன்று வீட்டில் நடந்த ஒன்றைப் பேசலாம்.

இதோடு ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள்: "இது கிண்டலா, நெசமா?" ஊகம் தடுமாறும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் பாதித் தொல்லை குறையும். அவர் அப்படிக் கேட்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயிற்சியால் முகம் படிப்பது சிலருக்கு மேம்படுகிறது, எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. தவறான விடைக்கு முகம் சுளித்தால் மறுநாள் உட்கார மாட்டார். களைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

10. பணத்துக்கு ஒரு வேலி

இதை யாரும் யோசிப்பதில்லை. கிண்டலைப் பிடிக்க முடியாதவருக்குப் பொய்யைப் பிடிப்பதும் கடினமாகலாம். ஏலச்சீட்டு, ஜாமீன் கையெழுத்து, ஓ.டி.பி. கேட்கும் போன், "அவசரம், நாளைக்குத் தர்றேன்" என்று வரும் பழக்கமானவர் எல்லாமே ஆபத்து.

பணத்தைப் பிடுங்கி வைக்காதீர்கள், அது வேறு விதமான காயம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் என்றால் ஒரு இரவு கழித்து, வீட்டில் இன்னொருவரிடம் சொன்ன பிறகே கொடுப்பது என்று ஒரு விதி வையுங்கள். அந்த விதி வீட்டில் எல்லோருக்கும் பொது என்று ஆக்கினால் அவருக்கும் உறுத்தாது.

11. வெளியில் யாருக்கு, எவ்வளவு

தெரு முழுவதும் சொல்ல வேண்டாம். தினமும் பழகும் நான்கைந்து பேருக்கு, அவர் சம்மதத்தோடு சொன்னால் போதும்: "நரம்புல ஒரு பிரச்சினை. முகத்தைப் பார்த்து மனசு கண்டுபிடிக்கக் கொஞ்சம் கஷ்டம். நேரா சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாரு." வேலை செய்யும் இடத்தில் மேலாளரிடம், வேலையை வாய்மொழியோடு எழுத்திலும் தரும்படி கேட்கலாம்.

மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அரசுப் படிவங்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். சான்றுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் போகும்போது நியூரோசைக்காலஜி அறிக்கையையும் இணையுங்கள். நடையை மட்டும் பார்த்துச் சதவீதம் போடும் இடத்தில் அந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும். தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அந்தச் சான்றுதான் அடிப்படை. மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை உண்டு. மற்ற குடும்பங்களைச் சந்திக்க அது நல்ல வாசல்.

12. பொறுத்துப்போக முடியாதது

நோய் விளக்கம் தருகிறது என்பதற்காக எதையும் சகிக்க வேண்டியதில்லை. முகம் படிக்கத் தெரியாதவர் கை ஓங்குவார் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. அடி, மிரட்டல், குடித்துவிட்டு வந்து ரகளை எல்லாம் இந்த வழிகாட்டிக்கு வெளியே இருப்பவை. அதற்கு உதவி கேட்பது துரோகம் ஆகாது. பெண்கள் 181-ஐக் கூப்பிடலாம்.

கவனித்துக்கொள்பவருக்கும் தன் மனதைப் படிக்கிற ஒரு ஆள் வேண்டும். வீட்டுக்குள் கிடைக்காததை அக்காவிடமோ தோழியிடமோ பேசித் தீர்த்துக்கொள்ள வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். அந்த மாலை நோயாளியை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை முதல் மாதமே தொடங்குங்கள், களைத்து விழுந்த பிறகு தொடங்குவது கடினம்.

13. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்

மூன்றாம் மாத முடிவில் இரண்டு வாரம் மறுபடி நோட்டு எழுதி, முதல் நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள். சண்டை குறைந்ததா என்று பார்ப்பதைவிட, எந்தச் சூழலில் குறைந்தது என்று பாருங்கள். கூட்டத்தில் மட்டும் மாற்றமில்லை என்றால் 8-ஆம் படிக்குப் போங்கள். காலையிலும் தனிமையிலும்கூட மோசமானால் மீண்டும் 2-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.

திடீர் மாற்றத்துக்கு மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய குறை 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். பேச்சோ நடத்தையோ ஒரே நாளில் மாறுவதும் அதில் சேரும். அன்றே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தையும் மாத்திரைப் பட்டியலையும் ஃபைலில் மேலாக வைத்து எடுத்துப்போங்கள்.